மழை வேண்டியும் வேண்டாமலும்

அச்சங்குளம்
28-1-1963

அன்பு மருமகள் முத்துப்பேச்சிக்கு உன் தாய்மாமன் செல்லப்பாண்டி எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் பாதி வெந்தும் பாதி வேகாமலும் சுகமாக இருக்கிறோம். கரக்பூரில் நீயும், ரயில்வே பட்டறை மாப்பிள்ளை இராமகிருஷ்ணனும், உன் மாமியார் சோலையம்மாளும், இன்னும் பேர் வைக்காத அந்த நாலாவது ஆளும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. ஐந்தாம் மாதம் நடக்கிறது என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு உன் அத்தை மாடத்தி தெருவுக்கே கருப்பட்டி கொடுத்தாள்.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. இதில் நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பமாட்டார்கள் என்று அய்யனார் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன்.

ஐப்பசியும் கார்த்திகையும் நம்மை ஏமாற்றிவிட்டுப் போனது உனக்குத் தெரியும். இப்போது தை மாதத்திலேயே வெயில் சித்திரை வேலையைப் பார்க்கிறது. போன செவ்வாய்க்கிழமை ஒரு காக்கா நம் கண்மாய்க்கு மேலே பறந்தது. அதன் நிழல் கண்மாய்த் தரையில் பட்டதும் கருகி அப்படியே ஒட்டிக்கொண்டது. காக்கா நிழல் இல்லாமல் போய்விட்டது. இப்போது தினமும் காலையில் வந்து நிழலைக் கொத்திக் கிளப்பப் பார்க்கிறது. கிழக்குப் புஞ்சைக் கரிசலில் விழுந்திருக்கிற வெடிப்பில் என் செருப்பு ஒன்று தவறி விழுந்தது. மூன்றாம் நாள் அதைக் காரியாபட்டிச் சந்தையில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். உங்கள் வீட்டுக் கிணற்றில் வாளியை விட்டால், பாதி வழியில் வாளி அண்ணாந்து, "இன்னும் எம்புட்டுத் தூரம்ணே" என்று கேட்கிறது.

உன் அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். என் அக்கா வெள்ளைத்தாய்க்கு என்ன குறை? காலையில் கஞ்சி குடிக்கிறாள், சாயங்காலம் வந்து என்னைத் திட்டுகிறாள். தலைப்பிரசவத்துக்கு உன்னைக் கூப்பிட வருவது அவள் பாடு, என் பாடு. அவசரப்படாதே. நாள் நிறையக் கிடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். நெஞ்சைக் கரித்தால் சீரகத் தண்ணீர் குடி.

இப்படிக்கு,
பட்டாசு ஆபீஸ் போர்மேனும் வெயிலின் வைரியுமான
செல்லப்பாண்டி


கரக்பூர்
9-2-1963

மாமாவுக்கு முத்துப்பேச்சி வணக்கத்துடன் எழுதுவது.

நானும் அவரும் மாமியார் அத்தையும் சௌக்கியம். நாலாவது ஆள் நேற்று முதல் தடவையாக உதைத்தார். மாடத்தி அத்தைக்குப் பல்வலி தேவலையா?

உங்கள் காக்கா கதையை எதிர்வீட்டு உம்மு சல்மா அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்கள் விருதுநகர்க்காரர்கள், வீட்டுக்காரர் இங்கே பஜாரில் கடை வைத்திருக்கிறார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவர்களுக்கு. "உங்க மாமா சொல்றதுல காக்கா மட்டும் உண்மையா இருக்கும்" என்றார்கள்.

மாமா, ஒரு சந்தேகம். அம்மா சாயங்காலம் வந்து உங்களைத் திட்டுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கிருந்து வருகிறாள்? புஞ்சையில்தான் செருப்பு முழுகுகிற வெடிப்பு, வேலை ஒன்றும் கிடையாதே. கிணற்றில் கமலை இறைக்கிற மாடுகள் எங்கே? அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செருப்புக்கு நாலு வரி எழுதிய உங்களுக்கு மாட்டுக்கு ஒரு வரி கிடைக்கவில்லையா?

அடுத்த கடிதம் அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் எழுத வேண்டும். உங்கள் கைச்சரக்கு எதையும் சேர்க்கக் கூடாது.

அம்மாவை வெயிலில் நிற்க விடாதீர்கள்.

முத்துப்பேச்சி


அச்சங்குளம்
22-2-1963

செல்ல மருமகளுக்கு,

உத்தரவுப்படி உன் அம்மாவை எதிரே உட்கார வைத்து எழுதுகிறேன். ஒரு எழுத்தும் கூட்டமாட்டேன். கூட்டினால் அடைப்புக்குள் போட்டுவிடுகிறேன். இனி அக்கா பேசுகிறாள்.

"பேச்சி, நல்லாருக்கியா தாயி. வாந்தி நின்னுச்சா. மாங்கா தின்னு, ஆனா அம்புட்டையும் திங்காத. மாடு ரெண்டையும் காரியாபட்டிப் பக்கம் பெரியம்மா தோட்டத்துல விட்ருக்கேன். அங்கனதான் கொஞ்சம் புல்லு கெடக்கு. (பிரியும்போது மயிலைக்காளை அழுத கண்ணீரில் ஒரு வயல் நனைந்தது.) இவன் என்னத்தையோ கூட எழுதுறான், அத நம்பாத. கெணத்த ஆழப்படுத்துறோம். தண்ணி ஊறுனதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன். பிள்ளை பெத்த ஒடம்புக்கு ஒரு நாளைக்கு எட்டுக் கொடம் தண்ணி வேணும். பிள்ளைக்கு நாலு. இப்ப ஊருணிக்குப் போனா ஒரு கொடத்துக்கு அரை நாளு நிக்கணும். தண்ணியில்லாத வீட்டுக்குப் பிள்ளத்தாச்சியக் கூப்பிட்டு என்ன செய்யச் சொல்றே. அதான் பொறு. வேற ஒண்ணுமில்ல."

சாயங்காலம் எங்கிருந்து வருகிறாய் என்று பேச்சி கேட்கிறாளே, அதற்கு என்ன எழுத என்றேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள்.

"கெணத்தடியில இருந்து வாறேன்னு எழுது."

எழுதிவிட்டேன்.

வெட்டாட்கள் நாலு பேர் இறங்கியிருக்கிறார்கள். காலையில் இறங்குகிறவர்கள் அடியில் போய்ச் சேர மத்தியானம் ஆகிறது. கீழே இப்போது வேறு பாஷை பேசுகிற ஆட்களின் சத்தம் கேட்கிறதாம். தண்ணீர் சத்தம்தான் இன்னும் கேட்கவில்லை.

மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாளுக்கும் என் கும்பிடு.

செல்லப்பாண்டி
கிணற்று வாய்க் காவலர்


கரக்பூர்
8-3-1963

மாமாவுக்கு,

எல்லாரும் சுகம். அம்மா பேச்சைப் படித்துவிட்டு நாலு நாள் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தேன். அதில் அம்மா இருக்கிறாள். ஆனால் அந்தக் கடைசி வரியில் அம்மா இல்லை மாமா. அம்மா கூரையைப் பார்த்தாள் என்று நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நம்பியிருப்பேன்.

பங்குனி பிறந்தால் ஏழாம் மாதம். வளைகாப்புப் போட்டு அம்மா கூட்டிக்கொண்டு போவாள் என்று அக்கம்பக்கம் எல்லாரிடமும் சொல்லி வைத்துவிட்டேன். அத்தை நேற்று அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்கள்: "ஒங்க வீட்ல நேர்ல வந்து கூப்பிடுவாகளா, இல்ல வளையலத் தபால்ல அனுப்பிட்டுத் தபால்காரன் கூடவே உன்னையும் போகச் சொல்வாகளா?" அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். எனக்கு இட்ட சோறு தட்டிலேயே கிடந்தது.

இந்த ஊரில் இப்போதே புயல் தொடங்கிவிட்டது. காலவைசாகி என்கிறார்கள். பகலெல்லாம் அடுப்புக்குள் இருப்பது மாதிரி இருக்கும். நாலு மணிக்கு வடமேற்கே ஒரு கறுப்புச் சுவர் எழும்பும். பத்து நிமிஷத்தில் தகரம், கூரை, துணி, கோழி எல்லாம் பறக்கும். போன வியாழக்கிழமை எங்கள் வரிசைக்கு எதிரே இருந்த மாமரத்தில் இடி விழுந்தது. மரம் உச்சியிலிருந்து வேர்வரை இரண்டாகப் பிளந்துவிட்டது. கீழே கட்டியிருந்த எருமை நின்றபடியே செத்துப்போயிருந்தது மாமா. கண் திறந்திருந்தது. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

அன்று முதல் மேகம் கறுத்தால் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அறைக்கும் வாசலுக்கும் நடக்கிறேன். அங்கே எப்படி? கோடை இடி உண்டா?

அம்மா எந்தத் தேதியில் புறப்படுகிறாள்? தேதி மட்டும் எழுதுங்கள்.

முத்துப்பேச்சி


அச்சங்குளம்
25-3-1963

அன்பு மருமகளுக்கு,

பதில் தாமதம். காரணம், நான் எழுதிய மை காகிதத்தைத் தொடுமுன் ஆவியாகிவிட்டது. மூன்று புட்டி இப்படியே போனது. நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று இருக்கன்குடியாளுக்கு நேர்ந்திருக்கிறேன்.

உன் ஊர்ப் புயல் கோழியைத் தூக்கியதை ஒரு பெருமையாக எழுதியிருக்கிறாய். நம் ஊர்க் காற்று போன வாரம் எங்கள் ஆபீஸ் கணக்குப்பிள்ளையையே தூக்கியது. அவர் சாத்தூருக்கு மேலே போகும்போது கீழே ஒரு கல்யாண வீட்டைப் பார்த்து இறங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த காற்றில் திரும்பி வந்தார். ஆனால் மழை மட்டும் இல்லை. மத்தியானம் மேற்கே மேகம் வருகிறது, உறுமுகிறது, ஒரு வெட்டு வெட்டுகிறது, கையை உதறிக்கொண்டு போய்விடுகிறது.

எங்கள் பிழைப்பும் ஒரு பிழைப்பு பார். ஆபீஸ் என்று பேரை வைத்துக்கொண்டு பட்டாசைக் களத்து மேடையில் தட்டுத் தட்டாகக் காயவைக்கிறோம். நான் போர்மேன், மழை வேண்டாம் என்று நிற்கிறேன். உன் அம்மா புஞ்சை வைத்திருக்கிற சம்சாரி, மழை வேண்டும் என்று நிற்கிறாள். ஒரே மேகத்தை அவள் வா என்கிறாள், நான் போ என்கிறேன். அது குழம்பிப்போய்த்தான் திரும்பிவிடுகிறதோ என்னவோ. மத்தியானம் ஆனால் நான் மேற்கே பார்க்க ஆரம்பித்து, சாயங்காலம்வரை பார்த்து, இப்போது கழுத்து அப்படியே நின்றுவிட்டது. மாடத்தி எனக்குச் சோற்றை மேற்குப் பக்கம் வந்துதான் ஊட்டுகிறாள்.

உன் அம்மா பங்குனியில் புறப்படுவதற்குத் தோதுப்படவில்லை. கிணற்று வேலை பாதியில் நிற்கிறது. வளையல் ஆறு டஜன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உடைந்தது போக மீதியைப் போட்டுக்கொள். சம்பந்தியம்மாளிடம் நான் சாஷ்டாங்கமாகக் கீழே கிடப்பதாகச் சொல். சித்திரையில் பார்ப்போம்.

இப்படிக்கு,
கழுத்துப் பிடித்த
செல்லப்பாண்டி


கரக்பூர்
4-4-1963

மாமாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கு அனைவரும் நலமா என்று கேட்க வேண்டியது முறை. ஆனால் நீங்கள் சொல்லமாட்டீர்கள்.

வளையல் வந்தது. பதினொன்று உடைந்திருந்தது. உம்மு சல்மா அக்காதான் முதல் வளையலைப் போட்டுவிட்டார்கள். அத்தை உடைந்த துண்டுகளைப் பொறுக்கிப் போட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை.

உம்மு சல்மா அக்காவின் தம்பி செய்யது அபுதாஹிர் விருதுநகரில் சாக்கு வியாபாரம் செய்கிறார். பட்டாசு ஆபீஸ்களுக்குச் சாக்கு லோடு கொண்டுபோய்ப் போடுகிறவர். தன் அக்காவுக்கு எழுதிய கடிதத்தில், "எதிர்வீட்டுப் பேச்சியின் அம்மாவை அச்சங்குளம் ஆபீஸ் களத்தில் பார்த்தேன், போர்மேனின் அக்கா என்று சொன்னார்கள், தட்டுச் சுமந்துகொண்டிருந்தார்கள், கையெல்லாம் அலுமினியப் பொடி, விசாரித்ததாகச் சொல்லு" என்று எழுதியிருக்கிறார். அவர் அதை நல்ல செய்தியாகத்தான் எழுதியிருக்கிறார்.

அந்தக் களம் உங்கள் களம் மாமா. அந்த ஆபீஸ் போர்மேன் நீங்கள்.

அடுத்தவர் புஞ்சையில் களை எடுக்கக்கூடக் குனியாதவள் என் அம்மா. கிணறு வெட்டுகிற கூலி எங்கிருந்து வருகிறது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. எனக்கு எட்டுக் குடம் தண்ணீர் வேண்டும் என்று அவள் வெடிமருந்துத் தட்டைத் தலையில் சுமக்கிறாள். மேலே இடிமேகம். நான் அந்த எருமையைப் பார்த்தவள்.

உண்மையா, இல்லையா? ஒரே வரி எழுதுங்கள். காக்கா வேண்டாம், கணக்குப்பிள்ளை வேண்டாம்.

முத்துப்பேச்சி


அச்சங்குளம்
12-4-1963

பேச்சிக்கு,

நீ சுகமாக இரு. நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

உண்மை.

பொங்கல் கழிந்த மறுவாரத்திலிருந்து வருகிறாள். நான்தான் சேர்த்துவிட்டேன். வேறு ஆபீசுக்குப் போவேன் என்று நின்றாள். என் கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும் என்று நினைத்தேன். உனக்குத் தெரியக் கூடாது என்று உன் அப்பா படத்தின்மேல் சத்தியம் வாங்கினாள். சம்பந்தி வீட்டில் உன் தலை குனியக் கூடாதாம்.

களத்தில் ஒரு விதி உண்டு. முதல் உறுமல் கேட்டதும் தட்டு எங்கே இருக்கிறதோ அங்கேயே இறக்கிவைத்துவிட்டு எல்லாரும் வெளிவாசலைத் தாண்டிவிட வேண்டும். சரக்கு போனால் போகிறது. எல்லாரும் போகிறார்கள். உன் அம்மா போகமாட்டேன் என்கிறாள். பயம் இல்லாமல் இல்லை. முப்பது வருஷமாக மேகத்தைக் கண்டால் புஞ்சைக்கு நடுவில் போய் அண்ணாந்து நிற்கிற பழக்கம். அந்தப் பழக்கத்தில் களத்து நடுவில் நின்றுவிடுகிறாள். எந்தப் பக்கம் நகர்கிறது, அடிவயிறு தொங்குகிறதா, யார் நிலத்தில் இறங்கும் என்று பார்த்துக்கொண்டே நிற்கிறாள். இதுவரை மூன்று தடவை கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

நான் சொன்னால் அவளுக்கு ஏறுவதில்லை. பேசக் கற்ற நாளிலிருந்து அவளிடம் புளுகியிருக்கிறேன். இடி விழும் என்றால், "நீ சொல்லி எந்த இடி விழுந்துச்சு" என்கிறாள்.

கிணற்றில் போன புதன்கிழமை ஊற்றுக் கண்டிருக்கிறது. கணுக்கால் அளவு. கலங்கல். இன்னும் ஒரு மாதம் பொறு. கூட்டிவர நானே வருகிறேன். நீயாகப் புறப்பட்டுவிடாதே.

செல்லப்பாண்டி


கரக்பூர்
16-4-1963

மாமாவுக்கு,

பதில் வர வேண்டிய நாள் தாண்டிவிட்டது. நீங்கள் எழுதாததே எனக்குப் பதில்.

நான் புறப்படுகிறேன். உம்மு சல்மா அக்கா தங்கை சபுராவின் நிக்காஹுக்கு ஊருக்குப் போகிறார்கள். நாளை இரவு மெட்ராஸ் மெயிலில் அவர்களோடு வருகிறேன். சனிக்கிழமை விருதுநகரில் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மத்தியானப் பாசஞ்சரில் தனியாகச் சாத்தூர் வந்து இறங்குவேன். மூன்று மணி ஆகும். ஸ்டேஷனுக்கு வந்து நில்லுங்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், சொன்னால் தடுக்கச் சொல்வாள்.

அவருக்கு லீவு கிடைக்கவில்லை. தந்தி கொடுக்கிறேன் என்றார். நான் விடவில்லை. நம் ஊரில் தந்தி என்றால் சாவுதான். தபால்காரர் கையில் தந்தியைப் பார்த்ததுமே அம்மா தெருவில் விழுந்துவிடுவாள். இந்தக் கடிதம் இன்றைய மெயிலில் போகிறது, எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும்.

"கூப்பிடாம அம்மா வீட்டுக்குப் போற பிள்ளத்தாச்சிய இப்பத்தான் பாக்கேன்" என்றார்கள் அத்தை. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்கள். வழிக்குப் புளிச்சோறு கிண்டுகிறார்கள், வாசனை வருகிறது.

தண்ணீர் இல்லாவிட்டால் பரவாயில்லை. எனக்கும் ஊருணி வரிசையில் நிற்கத் தெரியும். என் அம்மா அந்தக் களத்தைவிட்டு வெளியே வர வேண்டும். அவ்வளவுதான்.

முத்துப்பேச்சி


அச்சங்குளம்
24-4-1963

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை இராமகிருஷ்ணன் அவர்களுக்கு, செல்லப்பாண்டி அநேக நமஸ்காரம் செய்து எழுதுவது.

பேச்சி வந்து சேர்ந்தாள். சுகம். வயிற்றில் இருப்பவர் சுகம். அக்கா சுகம். முதலில் இதை மூன்று தடவை படித்துக்கொள்ளுங்கள். சம்பந்தியம்மாளுக்கும் படித்துக் காட்டுங்கள். புளிச்சோறு ஒரு பருக்கை கெடாமல் வந்து, கடைசிப் பருக்கையை நான்தான் தின்றேன். பிறகு மற்றதைப் படிக்கலாம்.

பேச்சி எழுதிய கடிதம் எனக்குக் கிடைத்தது திங்கட்கிழமை. அவள் வந்தது சனிக்கிழமை. ஆகவே சனிக்கிழமையன்று எனக்கு ஒன்றும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலையிலிருந்தே காற்று செத்துக் கிடந்தது. வேப்பமரத்து இலை ஒன்று ஆடினால் சன்மானம் தருவதாக நான் அறிவித்தேன், வாங்க ஒரு இலையும் வரவில்லை. களத்தில் நூறு தட்டுச் சக்கரமும் புஸ்வாணமும் காய்ந்துகொண்டிருந்தன. மூன்று மணிக்கு மேற்கே மலைப் பக்கம் ஒரு மேகம் எழும்பியது. மாப்பிள்ளை, அப்படியொரு மேகத்தை நான் பார்த்ததில்லை. நாலு வருஷத்து மழையை ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு, சுமக்கமாட்டாமல் முட்டிபோட்டு வந்தது. முதல் உறுமலில் நான் விசிலை ஊதினேன். இருபத்திரண்டு பெண்களும் தட்டை இறக்கிவைத்துவிட்டு வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். எண்ணினேன். இருபத்தொன்று.

அக்கா களத்து நடுவில் நின்றாள். தலையில் தட்டு. தட்டில் புஸ்வாணம். முகம் மேலே.

ஓடினேன். "அக்கா, வெளிய வா."

"இருலே. இது ஏமாத்துற மேகமில்ல. அடிவயிறு தொங்குது பாரு."

"தொங்கட்டும். நீ வா."

"நம்ம கெழக்குப் புஞ்சைக்குத் திரும்புதான்னு மட்டும் பாத்துட்டு வந்துர்றேன். நீ போ."

"இடி விழும் அக்கா."

"நீ சொன்னா அது விழவே விழாது."

கையைப் பிடிக்கலாம் என்றால் தலையில் மருந்துத் தட்டு. இழுத்தால் சரியும். சரிந்தால் இடியே தேவையில்லை. காலைப் பிடிக்கலாம் என்றுகூட நினைத்தேன். மேலே ஒரு வெட்டு வெட்டியது, அவள் முகம் வெள்ளையாகத் தெரிந்தது. அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எழுதப்போவதில்லை. என்ன சொன்னால் இவள் நகர்வாள்? உண்மையைச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. மீதி இருந்தது எனக்குக் கைவந்த வித்தைதான்.

"அக்கா, பேச்சி வந்து சாத்தூர் டேசன்ல எறங்கிருக்கா."

முகம் கீழே வந்தது.

"என்னலே சொல்றே?"

வாயைத் திறந்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்பது தாங்கள் அறிந்ததே. "எட்டுப் பெட்டி கொண்டாந்திருக்கா. நாலு போர்ட்டர் சொமக்க மாட்டாம நிக்காக. மாப்பிள்ளையும் கூட வந்திருக்காக. டேசன் மாஸ்டரே கொடை பிடிச்சுக்கிட்டு நிக்காரு. தபால்காரர் இப்பத்தான் பாத்துட்டு வந்து சொன்னாரு. பெட்டி மேல உக்காந்து, எங்க அம்மா எங்கன்னு கேக்குறாளாம்."

என் வாழ்நாளில் என் அக்கா நான் சொன்ன ஒன்றை நம்பினாள். தட்டை மெல்ல, ஒரு திரி அசையாமல், மேடையில் இறக்கிவைத்தாள். பிறகு ஓடினாள். ஐம்பது வயதுக்காரி முழங்காலுக்கு மேலே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியதை அந்த இருபத்தொரு பேரும் பார்த்தார்கள். நான் பின்னால் ஓடினேன்.

வாசலைத் தாண்டி நாற்பது அடி போயிருப்போம். இது நான் கூட்டிச் சொல்வதில்லை, மறுநாள் போய் அடி வைத்து அளந்தேன். இடி விழுந்தது. அவள் நின்ற இடத்தில் அல்ல, தட்டை இறக்கிவைத்த மேடையில். நூறு தட்டும் ஒன்றாகப் புறப்பட்டன. மழை மேலேயிருந்து கீழே வருகிறது, புஸ்வாணம் கீழேயிருந்து மேலே போகிறது, இரண்டும் நடுவானத்தில் மோதி எது பெரியது என்று சண்டை போட்டன. ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே சிவகாசி ரோட்டில் ஏறி ஒரு லாரியை முந்திப் போனது. எம். புதுப்பட்டியில் தீபாவளி என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டார்கள். ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. திரும்ப எண்ணினேன். இருபத்திரண்டு. மறுபடியும் எண்ணினேன்.

அதற்குள் அக்கா சாத்தூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் என்ன வெடித்தது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது நான் ஒரு காரியம் செய்ய வேண்டும். கூப்பிட்டு, பேச்சி வரவில்லை, நான் புளுகினேன் என்று சொல்ல வேண்டும். "அக்கா, நில்லு" என்றேன். "பிள்ள நனையும்லே, வா" என்றாள். பாலத்தில் சொல்லலாம் என்றிருந்தேன். பாலம் வந்தது. அவள் மழையில் நனைந்துகொண்டே, "எட்டாம் மாசம், இந்த வண்டிக் குலுக்கல்ல வந்திருக்கா, அவ மாமியாளாவது தடுக்கக் கூடாதா" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு போனாள். ஊர் எல்லையில் சொல்லலாம் என்றிருந்தேன். அவள் முகத்தில் வழிவது மழையா என்ன என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ புளுகியிருக்கிறேன் மாப்பிள்ளை. ஒன்றுகூட இப்படி எனக்கு முன்னால் விறுவிறு என்று நடந்துபோனதில்லை. ஸ்டேஷனில் ஒருவரும் இல்லாதபோது அவள் எப்படித் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்து நினைத்து, என் கால் இரண்டும் வேறு வேறு ஊருக்குப் போகப் பார்த்தன.

ஐந்து மணிக்கு ஸ்டேஷன். தகரக் கூரைக்கு அடியில், கடைசியில், ஒரு தகரப் பெட்டி. அதன்மேல் பேச்சி.

"எம்புட்டு நேரமா உக்காந்திருக்கேன் மாமா. கடுதாசி வரலையா?" என்றாள்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஸ்டேஷனில் அன்று ஆச்சரியப்பட்ட ஒரே ஆள் நான்தான். அக்கா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. அவளுக்குத்தான் முன்பே தெரியுமே. சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"மத்த பெட்டியெல்லாம் எங்க? மாப்பிள்ளை எங்க? போர்ட்டரக் காணோம்?"

பேச்சி என்னைப் பார்த்தாள். நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். பிறகு பேச்சி அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பினாள். அத்தனை மழைக்கும் அந்தப் பொடி போகவில்லை, நகக்கண்ணெல்லாம் பளபளவென்று இருந்தது. அக்கா கையை இழுத்துச் சேலைக்குள் மறைத்தாள். பேச்சி மறுபடியும் இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். நான்கூட வாயைத் திறக்கவில்லை. இதை எனக்குத் தெரிந்த யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

மழை முக்கால் மணி நேரம் பெய்தது. கிணற்றில் இடுப்பளவு. கலங்கல் தெளிகிறது. கிழக்குப் புஞ்சைக்கு மேகம் திரும்பியதா என்று தெரியவில்லை, பார்க்க ஆள் இல்லை. அக்கா திங்கட்கிழமை களத்துக்குக் கிளம்பினாள். பேச்சி தன் பெட்டியைக் கொண்டுபோய் வாசற்படியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "நீ போனா நானும் வாறேன், எனக்கும் ஒரு தட்டுக் குடு" என்றாள். அக்கா அரை நாள் நின்று பார்த்தாள், பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

நான் இன்றும் மத்தியானம் மூன்று மணிக்கு எழுந்து மேற்கே பார்த்தேன். இருபத்தொரு பேர் களத்தில் இருக்கிறார்கள்.

தாங்கள் லீவு போட்டு வைகாசிக் கடைசியில் வந்துவிடவும். சம்பந்தியம்மாளையும் அழைத்து வரவும். எட்டுக் குடம் தண்ணீருக்கு நான் பொறுப்பு.

கடைசியாக ஒன்று. அன்று களத்தில் நான் அவிழ்த்துவிட்டதில் எட்டுப் பெட்டி பொய். போர்ட்டர் பொய். குடை பொய். தபால்காரர் பொய். மன்னிக்க வேண்டும், தாங்களும் பொய். பேச்சி சாத்தூர் ஸ்டேஷனில் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள் என்ற அந்தச் சின்னத் துண்டு மட்டும் உண்மை. அதைச் சொன்னபோது எனக்கே அது தெரியாது. இதைத் தங்களிடம் மட்டும்தான் ஒப்புக்கொள்கிறேன். அக்காவுக்குத் தெரிய வேண்டாம். அவள் இன்றுவரை மீதி ஏழு பெட்டிக்காகத்தான் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

செல்லப்பாண்டி